அப்பாவுக்கு வாங்கிய லைட்டர்

லைட்டரைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் என்னோடு வேலை பார்த்த மலையாளி. வளைகுடா நாட்டில் ஒரு கடைத்தெருவில் இருந்தது எங்கள் கடை. கைக்கடிகாரம், பேனா, சுருட்டு, சுருட்டு பற்றவைக்கும் லைட்டர் இவைதான் சரக்கு. அவர் முன்னால் நின்று விற்பார். நான் பின்னால் கிடங்கில் பெட்டி பிரிப்பேன், துடைப்பேன், அடுக்குவேன். வாங்க வருகிறவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை.

"தொட்டி நிறைய கேஸ் இருந்தால் மேலே போகும்போது கசியும், பாதியை வெளியே விட்டுவிடு" என்றார் அவர். ரசீதை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்கச் சொன்னார். யார் கேட்டாலும் உடனே என்னுடையது என்று சொல்ல வேண்டுமாம். ஒரு நொடி தயங்கினால் திருடியது என்று நினைத்துவிடுவார்களாம். அதையும் என்னை இரண்டு முறை சொல்லிப் பார்க்க வைத்தார்.

தங்க முலாம் பூசிய லைட்டர் அது. பெரிய மனிதர்கள் பிடிக்கும் தடித்த சுருட்டுக்கென்றே செய்தது. மூடியைக் கட்டை விரலால் தள்ளினால் 'டிங்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அட்டைப் பெட்டி நசுங்கிப்போனதால் ஒன்று விற்காமல் கிடந்தது. முதலாளி விலையைக் குறைத்து எனக்குக் கொடுத்தார். குறைத்த பிறகும் மூன்று மாதச் சம்பளம் அதில் போனது.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது கரும்பு பிழியும் ஆலையில் போனது. அதன்பிறகு தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் குச்சியை உரசுவார். வயல் வரப்பில் காற்று அடித்தால் நாலைந்து குச்சிகள் வீணாகும். ஆறாவது குச்சியில் சுருட்டு பற்றிக்கொண்டால் யாரையோ ஜெயித்துவிட்டவர் போல எங்களைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு இரண்டு சுருட்டுதான். அதற்கு மேல் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று போதும் அவருக்கு. எங்கள் கடைக்கு எதிரே தெருவோரம் கூடையில் கொட்டி விற்பார்கள். அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. பத்தாவதில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல், அடுத்தவன் நாட்டில் பெட்டி துடைக்கப் போனவன் நான். ஊருக்குத் திரும்பும்போது கையில் ஊர் வாயை அடைக்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பா வரப்பில் நின்று மூடியைத் தள்ளும் சத்தம் பக்கத்து வயலுக்குக் கேட்க வேண்டும். அப்பா பெயரில் எனக்கே வாங்கிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

வாங்கிய கையோடு வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவுக்குத் தங்கக் கலரில் லைட்டர் வாங்கியிருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருவேன் என்று எழுதினேன். அக்காதான் கடிதங்களைப் படித்துக் காட்டுவாள். பெருமை தாங்காமல் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அதன் பலன் என்ன என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருடம்தான் எங்கள் வட மாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளிய மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பேருந்துகள் நின்றன. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. எனக்கு இதெல்லாம் தெரிய இரண்டு வாரம் ஆனது. அக்காவின் கடிதம் வந்தது. மறியலுக்குப் போன தம்பியைத் தேடி போலீஸ் வந்திருக்கிறது. அவன் வீட்டில் இல்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளை வந்தால் அப்பனை விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரியில், "நீ உடனே வா. இல்லாங்காட்டி அம்மா பொழைக்க மாட்டா" என்று எழுதியிருந்தாள்.

பதினைந்து நாள் விடுப்பு கேட்டு வாங்கினேன். அப்பா உள்ளே இருக்கும்போது லைட்டர் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பாதி கேஸைக் கிடங்கின் பின்வாசலில் நின்று சீறவிட்டேன். திரும்ப நிரப்பிக்கொள்ள ஒரு கேஸ் டப்பா வாங்கிப் பைக்குள் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன்.

விமான நிலையத்தில் அந்த டப்பாவைத்தான் முதலில் எடுத்தார்கள். சீருடைக்காரர் அதை விரல் நுனியில் பிடித்துத் தூக்கி, வெடிக்கும் என்று கைகளை விரித்துக் காட்டி, பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார். பிறகு என் சட்டைப் பையைத் தொட்டார். லைட்டரை வெளியே எடுத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் காலில் ரப்பர் செருப்பு. மலையாளி சொல்லிக் கொடுத்தபடி, "மை லைட்டர்" என்றேன். ரசீதைக் கேட்டார். ரசீதில் இருந்த பெயரைப் பாஸ்போர்ட்டோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். அவர் மூடியைத் தள்ளி, பற்றவைத்து, அணைத்து, சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தமிழர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் நான் ஆசைப்பட்ட பார்வை இது இல்லை.

அப்போதெல்லாம் விமானத்தில் பின்வரிசைகளில் புகை பிடிக்கலாம். எனக்குக் கிடைத்தது அங்கே ஒரு இருக்கை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து லைட்டரை வலது கையில் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே போகப் போக கேஸ் வாசனை வருவது போலவே இருந்தது. உள்ளங்கை வேர்த்துத் தங்க முலாம் வழுக்கியது. பாதிதான் விட்டோமா, கால்வாசிதான் விட்டோமா என்று சந்தேகம் வந்தது. நானூறு பேர் என் ஒருவன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். தமிழர்தான். சாப்பாடு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்துக்கொண்டு, "தீப்பெட்டி இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிக் கையைத் திறந்தேன். அவர் முகம் மாறியது. நானே மூடியைத் தள்ளிப் பற்றவைத்துக் காட்டினேன். அந்த லைட்டரில் நான் மூட்டிய முதல் தீ அது. யார் என்றே தெரியாத ஒருவருக்கு மூட்டினேன்.

புகையை விட்டுவிட்டு அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "முதலாளியோடதா? அவர் வீட்டுக்குக் குடுத்தனுப்பறாரா?" என்றார்.

"இல்லைங்க. எங்கப்பாவுக்கு."

"அப்பா என்ன பண்றாரு?"

"பயிர் வேலைங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம்."

அவர் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. நான் பொய் சொல்வதாக முடிவு செய்துவிட்டார் என்று புரிந்தது. இன்னும் இரண்டு சிகரெட் பிடித்தார். இரண்டுக்கும் முன்வரிசைக்காரரிடம் தீ வாங்கினார்.

இறங்கிய இடத்திலும் அதே கேள்விதான். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தங்கமா முலாமா என்று பார்க்க லைட்டரின் அடிப்பக்கத்தை ஒரு சின்ன அரத்தால் ராவினார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு அங்குலக் கீறல். அவர் வேலையை அவர் செய்தார், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு என்று கேட்டு, அப்பாவுக்கு என்று நான் சொன்னதும், "அப்பாவுக்கா? ரொம்ப ராஜாதான் போல உங்கப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். என் ராஜா அப்போது கம்பிக்குப் பின்னால் கோணிப்பையில் படுத்திருந்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். போகவிட வேண்டுமே.

விழுப்புரம் தாண்டியதும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து எலவனாசூர்கோட்டைவரை சாலையின் இரண்டு பக்கமும் அடிமரங்கள். புதிதாக வெட்டியவை, சிவந்த நிறத்தில். வெட்டிய கிளைகளை விறகுக்கு இழுத்துக்கொண்டு போனது போக மிச்சம் பள்ளத்தில் கிடந்தது. நிழலே இல்லாமல் அந்தச் சாலையை நான் பார்த்ததில்லை. பேருந்துக்குள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லோரும் முன்னால் இருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "உங்கப்பனுக்கு சுருட்டு இல்லாம கை நடுங்குமேடா" என்றுதான் அழுதாள். அக்கா விவரம் சொன்னாள்.

"தம்பியத் தேடினு வந்தாங்க. அவன் மலை ஏறிட்டான். கரியாலூருக்கு அந்தாண்ட நம்மகிட்ட மாடு வாங்குனாரே ஒரு மலைக்காரரு, அவுரு வூட்ல இருக்கறான். பெரியப்பா ஒன்ன வந்து பாக்கச் சொன்னாரு. அவுரு மனசு வெச்சாதான் நடக்கும்."

பெரியப்பா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. எங்கள் சாதிதான், ஆனால் ஊரில் பாதி நிலம் அவருடையது. அப்பா அவருடைய நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிரிட்டார். விரல்கள் போன ஆலையும் அவருடையதுதான். மறியலுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிய சங்கத்துக்கு ஊர்த் தலைவரும் அவரே. கோடாலிகளை அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில்தான் வைத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானமே போனேன். கட்டிலில் உட்கார்ந்து சுருட்டின் நுனியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். கலவரம் நடந்த சுவடே அந்த வீட்டில் இல்லை.

"வாடா. இன்னாமோ லைட்டரு வாங்கினு வந்திருக்கியாமே. எங்க, காட்டு பாப்போம்."

எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் தள்ளினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரும்ப மூடி, திரும்பத் தள்ளினார். பற்றவைக்கவில்லை.

"ஒங்கப்பனுக்கா இது?"

"ஆமாம் பெரியப்பா."

"வெச்சிக்க. மொதல்ல அவன் வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் நான் அதைச் சட்டைப் பையில் போடும்வரை அவர் கண் என் கையை விடவில்லை. பிறகு சொன்னார். "ஒந்தம்பியக் கூட்டினு வா. ஸ்டேஷன்ல நான் பேசி வெச்சிருக்கறன். திருக்கோவிலூர் வக்கீல் வந்துருவாரு. மரம் வெட்டுன கேசு ஒண்ணுமில்ல, எல்லார் மேலயும் இருக்குது. பஸ்ஸு மேல கல்லு வுட்ட கேசுதான் பேஜாரு. அதுல இருந்து அவன் பேர நான் எடுத்துர்றன். ஒரு வாரத்துல பையன் வூட்ல இருப்பான். போய்க் கூட்டினு வா."

மறுநாள் மலைப் பேருந்தில் ஏறினேன். கரியாலூரில் இறங்கிச் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். தம்பி மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, என்னைவிடப் பெரியவன் போல இருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவ அடிச்சாங்களா ண்ணா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

வீட்டுக்காரர் எங்களுக்குக் கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். மூன்று வாரமாக ஒருவனை வைத்துச் சோறு போட்டும் எதற்காக ஒளிந்திருக்கிறான் என்று முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை அவர்.

"இன்னாத்துக்குங்க கீழ அந்தச் சண்ட?" என்று என்னைக் கேட்டார்.

படிப்பிலும் உத்தியோகத்திலும் எங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு என்று சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க புள்ளைங்களுக்கு அது இருக்குதாம்ங்க. ஆபீசரு வந்து சொன்னாரு. வாத்தியாருதான் மேல வர மாட்டேங்கறாரு" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கிழங்குக்கு உப்பு போதுமா என்று அடுத்து கேட்டார்.

அவர் எழுந்து போன பிறகு தம்பியிடம் பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். அவன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பேரு எழுதி ஸ்டேஷன்ல குடுத்தது யாருன்னு ஒனக்குத் தெரியுமா ண்ணா? அவருதான். மொத்தம் பதினோரு பேரு. எல்லாம் குத்தகைக்காரன் வூட்டுப் புள்ளைங்க. அவரு மவன் அந்த வாரம் பூரா டவுன்ல ஹாஸ்டல்ல இருந்து படிச்சினு இருந்தான். மறியலுக்கு அவன வரக்கூடாதுன்னு அவரே சொல்லி அனுப்பிட்டாரு."

"நீ கல்லு வுட்டியா?"

"மரம் வெட்டனேன். அத இல்லன்னு சொல்ல மாட்டேன். காலனில இருந்து ஒரு பொம்பளய பிரசவத்துக்கு வண்டில ஏத்தினு வந்தாங்க, அந்த வண்டிய மடக்குன கூட்டத்துலயும் நின்னேன். அத நெனச்சாதான் இங்க தூக்கம் வரல. கல்லு நான் வுடல."

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். தெரியாது என்றான். நான் ஊருக்குத் திரும்பியும் அதை யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் தம்பியைக் கீழே கூட்டி வந்தேன். இதை நான் யார் மேலும் போட முடியாது. அவன், "போனா வுட மாட்டாங்க ண்ணா" என்றான். "அப்பாவுக்கு அறுபது வயசாவுதுடா" என்றேன். "அவரு வாக்கு குடுத்திருக்காரு" என்றேன். யாருடைய வாக்கு என்று தெரிந்தே சொன்னேன். எனக்கு இன்னும் பத்து நாள் விடுப்புதான் இருந்தது. அதற்குள் அப்பா வெளியே வர வேண்டும், நான் விமானம் ஏற வேண்டும். தம்பி எழுந்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு என் பின்னால் நடந்தான்.

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். வக்கீல் வரவில்லை. வழியில் இருக்கிறார், ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார் என்றார் பெரியப்பா. புறப்படும் முன் ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டிக்காகச் சட்டைப் பையைத் தடவினார். மெதுவாகத் தடவினார். பையில் தீப்பெட்டி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே லைட்டரை எடுத்தேன். மூடியைத் தள்ளி, குனிந்து, அவர் சுருட்டின் நுனியில் தீயைப் பிடித்தேன். தடித்த சுருட்டு, பற்றுவதற்கு நேரமாகும். அதுவரை குனிந்தே நின்றேன். பற்றியதும் மூடியை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். "நீங்க வெச்சிக்கோங்க பெரியப்பா" என்றேன்.

"எதுக்குடா? அப்பனுக்குன்னு ஆசையா வாங்கியாந்த."

"இருக்கட்டும் பெரியப்பா. அப்பாவுக்கு வேற வாங்கிக்கலாம்."

வாங்கிக்கொண்டார். தம்பி கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று இதைப் பார்த்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஸ்டேஷன்வரை மூன்று பேரும் நடந்தோம். அங்கேயும் வக்கீல் இல்லை. அவன் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். அவ்வளவுதான்.

சொன்னபடி அப்பா இரண்டாம் நாள் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அடித்தார்களா என்று கேட்டதற்கு, "பசி" என்று மட்டும் சொன்னார். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்ததும், "அவரப் போய் ஒரு வார்த்த பாத்துட்டு வந்துர்லாம்" என்று துண்டை எடுத்தார். வேண்டாம் என்று நான் சொன்னேன். காரணம் சொல்ல முடியவில்லை. "உண்ட சோத்துக்கு நன்றி வேணும்டா" என்றார். எந்தச் சோறு என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பா அன்று நல்ல மனநிலையில் இருந்தார். நாலைந்து பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கைகூப்பி, "ஒங்களாலதான் ண்ணா வந்தேன்" என்றார். தம்பியைப் பற்றிக் கேட்டார். ஒரு வாரம் என்றார் பெரியப்பா. பிறகு ஒரு சுருட்டை அப்பாவிடம் நீட்டினார். "எத்தினி நாளாச்சி, புடி" என்றார். அப்பா பழக்கத்தில் மடியில் தீப்பெட்டியைத் தேடினார்.

"இருடா. எதுக்கு அது" என்று பெரியப்பா லைட்டரை எடுத்தார். 'டிங்' என்றது. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். "ஒம்புள்ள குடுத்ததுதான். மரியாத தெரிஞ்ச புள்ள" என்று தீயை நீட்டினார்.

அப்பா எழுந்து, கட்டிலருகே போய்க் குனிந்தார். காற்றில் அணையாமல் இருக்க விரல் போன கையையும் மற்ற கையையும் குவித்து அந்தத் தீயைச் சுற்றிப் பிடித்தார். சுருட்டு உடனே பற்றிக்கொண்டது. ஒரு இழுப்பு இழுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கரும்புக் கொல்லை ஓரம் கேட்டார். "எனக்கு வாங்குனதா அது?"

"ஆமாம்பா."

பத்துப் பதினைந்து அடி நடந்தோம்.

"நல்லாதான் எரியுது" என்றார். அதைப் பற்றி அப்பா பேசியது அவ்வளவுதான். அடுத்த ஆறு வருடமும், அவர் போகும்வரை, முழங்காலில் தீப்பெட்டியை இடுக்கித்தான் உரசினார். நான் பிளாஸ்டிக் லைட்டர்கள் நாலைந்து கொண்டுவந்து கொடுத்தேன். மாடத்தில் வைத்துவிட்டார்.

தம்பி ஒரு வாரத்தில் வரவில்லை. ஜாமீனில் வெளியே வர ஐம்பது நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் நான் திரும்பிப் போய்விட்டேன், கையில் எதுவும் இல்லாததால் எந்த மேஜையிலும் என்னை யாரும் நிறுத்தவில்லை. குற்றப் பத்திரிகையில் கல் விட்டதும் இருந்தது, ஓட்டுநரின் தலையில் காயம் என்பதும் இருந்தது. பெயரை எடுக்கவில்லையா என்று அக்கா பெரியப்பாவிடம் போய்க் கேட்டதற்கு, "நான் சொல்லித்தான் இருக்கறன், மேல இருக்கறவன் கேக்கல" என்றாராம்.

பிறகு ஆட்சி மாறியது. ஒதுக்கீடு வந்தது. ஊரில் வெடி வெடித்தார்கள். மறியல் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆள் காயப்பட்ட வழக்குகள் அதில் சேராது என்று பிறகு சொன்னார்கள். அந்த ஒதுக்கீட்டில் எங்கள் ஊரிலிருந்து முதன்முதலில் இன்ஜினியரிங் சேர்ந்தவன் பெரியப்பாவின் மகன். அவன் நல்ல பையன், நன்றாகப் படிக்கிறவன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் விடுப்பில் வரும்போதெல்லாம் பெரியப்பா ஆள் அனுப்புவார். லைட்டரில் கேஸ் தீர்ந்துபோனது. கள்ளக்குறிச்சியில் அந்த கேஸ் கிடைக்காது. "ஒரு டப்பா எடுத்தாரக் கூடாதாடா?" என்பார். விமானத்தில் விட மாட்டார்கள் என்று சொல்வேன். "லைட்டர வுட்டான், கேஸ வுட மாட்டானா?" என்று சுற்றி இருப்பவர்களைப் பார்ப்பார். மூன்றாவது முறை நான் போனபோது, வெளிநாட்டுக் காசு என் தலைக்கு ஏறிவிட்டது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த வருடம் அப்பாவின் குத்தகையில் ஒரு துண்டைக் குறைத்தார்.

தம்பி அரசுத் தேர்வு எழுதினான். புது ஒதுக்கீட்டில் தேறியும் விட்டான். வீட்டுக்குத் தபால் வந்தது. அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். நன்னடத்தை விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த தபால் வரவே இல்லை. மரத்தை வெட்டி வாங்கிய இடம் அது. வெட்டியவனுக்கு இல்லை. அவன் கரும்பு லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனான். வாய்தா நாளில் மட்டும் சலவைச் சட்டை போடுவான்.

வழக்கு பல வருடம் இழுத்த பிறகு, கடைசியாக அந்த ஓட்டுநர் சாட்சி சொல்ல வந்தார். ஓய்வு பெற்ற வயசாளி. தம்பியைக் கூர்ந்து பார்த்து, "இவுரு இல்லீங்கய்யா. எனக்கு யாரையும் அடையாளம் தெரியாது" என்றார். விடுதலை ஆனது. நான் அப்போது வெளிநாட்டு வேலையை விட்டு வந்துவிட்டேன், கூடத்தான் போயிருந்தேன்.

கோர்ட்டுக்கு வெளியே தம்பி வக்கீலிடம் போய், "சார், இப்ப பரீட்ச எழுதலாங்களா?" என்று கேட்டான்.

நாங்களே வைத்த வக்கீல், சின்னப் பையன். "இன்னா வயசு ஆவுது ஒங்களுக்கு?" என்றார்.

தம்பி சொன்னான்.

வக்கீல் என்னைப் பார்த்தார். பிறகு, "தாண்டிப்போச்சேங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றான் தம்பி. இரண்டு மணி லோடுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பேருந்து நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தான். தீர்ப்பு நகல் வாங்குவதற்கு என்னை நிற்கச் சொன்னான்.